மஞ்சள் முடியும் பெரிய கண்ணும் யாருடையவை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகள் படமாவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரைக்காக இந்தக் கடிதம். தமிழ் நாளிதழ் ஒன்று இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவே வரும் ஒரு கருத்தை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மாங்கா பாத்திரங்கள் பெரிய கண்ணும் மஞ்சள் முடியுமாக வெள்ளைக்காரர்களைப் போலத்தான் வரையப்படுகின்றன, ஆகவே ஹாலிவுட்டில் அவற்றை வெள்ளைக்காரர் நடித்தால் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கட்டுரையாளர் கேட்கிறார். உலகம் முழுக்கப் பல வருடங்களாகக் கேட்கப்படும் கேள்விதான் இது. அந்த முகங்கள் தாளில் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொண்டால் கேள்வியின் முதல் பாதி உதிர்ந்துவிடும்.

முடியை முதலில் எடுத்துக்கொள்வோம். வாரப் பத்திரிகையில் வரும் மாங்கா ஒற்றை மையில், மலிவான தாளில் அச்சாவது. ஓவியர் பி4 தாளில் 180க்கு 270 மில்லிமீட்டர் சட்டத்துக்குள் வரைவார். பத்திரிகையில் அது ஆறில் ஐந்து பங்காகச் சுருங்கும். தனிப் புத்தகமாகும்போது இன்னும் சுருங்கும். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நாலு பேர் நின்றால், யார் எவர் என்று வாசகருக்குப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். மூக்கும் வாயும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், ஆளைக் காட்டிக்கொடுப்பது தலைமுடி. அதனால் ஒருவருக்கு முடியை முழுக்கக் கறுப்பு மையால் நிரப்புவார்கள். இதை ‘பெத்தா’ என்பார்கள். இன்னொருவருக்கு ஸ்கிரீன்டோன் எனும் புள்ளித்தாளை வெட்டி ஒட்டிச் சாம்பல் நிறம் வரவழைப்பார்கள். மூன்றாமவருக்கு வெறும் கோடுகளோடு வெள்ளையாக விட்டுவிடுவார்கள். பிறகு என்றைக்காவது தொடக்கப் பக்கங்களை வண்ணத்தில் போடலாம் என்று பத்திரிகை சொல்லும். அப்போது வெள்ளையாக விட்ட முடிக்கு ஏதாவது ஒரு நிறம் வேண்டும். மஞ்சள் வரும், நீலம் வரும், இளஞ்சிவப்பும் வரும். மஞ்சள் முடியை வைத்து ஒரு பாத்திரத்தை ஐரோப்பியர் என்று முடிவு கட்டுபவர், இளஞ்சிவப்பு முடிக்காரியை எந்தக் கண்டத்தில் சேர்ப்பார்?

முடியின் நிறம் கதைக்குள் நிஜமா, அச்சு வசதியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கதைக்குள் இருக்கும் மற்றவர்கள் அதைக் கவனிக்கிறார்களா என்று பாருங்கள். ‘பிளீச்’ கதையின் இச்சிகோவுக்கு ஆரஞ்சு முடி. அதைக் காரணமாக வைத்தே அவனை வம்புக்கு இழுக்கிறார்கள். அங்கே நிறம் நிஜம், நடிகருக்கும் அது வேண்டும். நீல முடியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை என்றால், கதைக்குள் இருப்பவர்கள் கண்ணுக்கு அவள் முடி கறுப்பு. நிஜ வாழ்க்கையில் இந்த விஷயம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒசாகா வழக்கு ஒன்றே போதும். தன் முடி இயல்பிலேயே பழுப்பு என்று சொன்ன மாணவியைக் கறுப்புச் சாயம் பூசும்படி பள்ளி வற்புறுத்தியது. பிறகு வகுப்பிலிருந்து அவர் இருக்கையையும் பெயரையும் நீக்கியதற்காக 2021இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 3,30,000 யென் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் முடி பற்றிய பள்ளி விதி செல்லும் என்றே தீர்ப்பில் எழுதியது. அத்தகைய விதிகள் உள்ள நாட்டு வாசகர்கள்தான் வாராவாரம் வண்ண வண்ண முடிகளைப் புரட்டுகிறார்கள். அதை அவர்கள் ஒரு வரைமுறையாகப் படிக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்து கண். மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகா டிஸ்னி படங்களைப் பார்த்துக் கண்களைப் பெரிதாக்கினார் என்பது உண்மை, ஆனால் அரை உண்மை. அவர் வளர்ந்தது தகரசுகா நகரில். 1914 முதல் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழு அந்த ஊருடையது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எட்டும்படி மைதீட்டிய அந்த நடிகைகளின் கண்கள் சிறுவயதிலேயே அவர் மனதில் பதிந்தவை. 1953இல் அவர் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’ கதையில் அந்த மேடையின் சாயல் அப்படியே தெரியும். அதற்கும் முன்னால், 1930களிலேயே, ஜுன்இச்சி நகஹாரா சிறுமிகள் பத்திரிகைக்கு வரைந்த பெண்களுக்கு முகத்தை விழுங்கும் கண்கள் உண்டு. போர்க்கால அரசுக்கு அந்தக் கனவுக் கண்கள் பிடிக்கவில்லை. 1940இல் அவர் படங்கள் அந்தப் பத்திரிகையிலிருந்து நின்றுபோயின. சிறுமியர் கதைகளின் பெரிய கண்ணுக்கு இப்படி உள்நாட்டிலேயே ஒரு வம்சாவளி இருக்கிறது.

கண்ணை வரையும் விதத்தை நெருங்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மேல் இமைமயிர் ஜி-பேனாவில் அழுத்தி, தடித்த ஒற்றைக் கோடாக வரும். கருவிழியின் மேல்பாதி இருட்டு, கீழ்ப்பாதி வெளிச்சம். நடுவே வெள்ளை மையால் ஒன்றிரண்டு ஒளிப்புள்ளி. அழுகைக்கு முன் அந்தப் புள்ளி பெருகும், மனம் மரத்துப்போனால் மறைந்துவிடும். உணர்ச்சி முழுவதையும் கண்ணே சுமப்பதால்தான் அது பெரிதாகிறது. மேல் இமைக்கு மேலே மெல்லிய தனிக்கோடு ஒன்று ஓடும். அது இமை மடிப்பு. மடிப்பு விழுந்த இமையை அழகு என்று கொள்வது ஜப்பானில் மாங்காவுக்கு மிகவும் முந்தியது. மடிப்பை உண்டாக்கும் அறுவைசிகிச்சையை மிகாமோ என்ற மருத்துவர் 1896லேயே பதிவு செய்திருக்கிறார். ஜப்பானியர்களிலேயே இயற்கையாக மடிப்பு உள்ளவர்கள் ஏராளம்.

ஜப்பானிய ஓவியர் ஒருவர் நிஜமாகவே வெள்ளைக்காரரை வரைய நினைத்தால் என்ன செய்வார்? மூக்குத்தண்டை உயர்த்துவார், தாடையை நீட்டுவார், புருவ எலும்பைப் புடைக்க விடுவார். பேச்சுக் குமிழுக்குள் எழுத்தைக்கூட மாற்றுவது உண்டு. ஜப்பானியப் பேச்சு மேலிருந்து கீழாகச் செல்லும், அந்நிய மொழி பேசுபவரின் பேச்சு பல நேரம் இடமிருந்து வலமாகப் படுத்துக் கிடக்கும். ஒரே பக்கத்தில் ஜப்பானியரும் அமெரிக்கரும் நிற்கும் கதையை எடுத்துப் பாருங்கள், வேறுபாடு பளிச்சென்று தெரியும். நாம் வெள்ளைக்காரர் என்று நினைக்கும் அந்தக் குட்டிமூக்கு முகம், வரைந்தவருக்கும் வாசகருக்கும் சாதாரண ஜப்பானிய முகம்.

இவ்வளவு சொன்னதால் மாங்காவில் நிறபேதமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த நாட்டையும் சேராத முகம் என்பதற்கு ‘முகொகுசெகி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த நாட்டையும் சேராத அந்த முகம் எப்போதும் வெளுத்தே இருப்பதை அந்தச் சொல் மூடிவிடுகிறது. வெளுத்த தோலுக்குத் தாளே போதும், ஒரு வேலையும் இல்லை. மாநிறம் வேண்டுமென்றால் முகம், கழுத்து, கை என்று ஒவ்வொரு இடத்திலும் புள்ளித்தாளை ஒட்டி, கண்ணின் வெள்ளையையும் பல்லையும் விட்டுக் கத்தியால் வெட்டி எடுத்து, தேய்த்துப் படிய வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் அலையலையாகக் கோலம் விழும். புள்ளி நெருக்கமாக இருந்தால் சுருக்கி அச்சடிக்கையில் அப்பிக்கொண்டு முகம் கறையாகிவிடும். வாரத்துக்கு 19 பக்கம், பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்கள். கதாநாயகி கறுத்த பெண் என்றால் உதவியாளர்களின் உறக்கம் போயிற்று. அந்தக் காலத்துக்கு இதை ஒரு காரணமாக ஏற்கலாம். இன்று கணினியில் வரைபவர்களுக்கு ஒரு சொடுக்கில் தோல் முழுக்கப் புள்ளி நிரம்பிவிடும். ஆகவே இன்னும் வெளுத்த முகங்களே வரிசை கட்டுகின்றன என்றால், அதற்கு ரசனைதான் காரணம். வெள்ளைத் தோல் ஏழு குறைகளை மறைக்கும் என்பது அங்கே பழமொழி. அழகுசாதனக் கடைகளில் ‘பிஹாகு’, அதாவது அழகிய வெண்மை, என்று தனி அடுக்கே இருக்கும்.

வண்ணத்துக்கு வரும்போது இந்த ரசனை வெளிப்படையாகிறது. ‘ஒன் பீஸ்’ மாங்காவின் அனிமே (அசைபட) தொலைக்காட்சித் தொடரில் நீண்டகாலம் மாநிறமாக வந்த ராபின் என்ற பெண், கதையில் 2 வருட இடைவெளி விட்டுத் திரும்பி வந்தபோது வெளுத்திருந்தாள், கதையில் அதற்குக் காரணமே கிடையாது. 2019இல் நிஸ்ஸின் நிறுவனத்தின் நூடுல்ஸ் விளம்பரத்தில் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவை அனிமே பாணியில் வரைந்தார்கள். ஹெய்ட்டியில் பிறந்த தந்தையின் மகளான அவர் படத்தில் வெளுத்த தோலோடு நின்றார். எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை நீக்கியது. இந்தக் குற்றச்சாட்டில் முழு நியாயம் இருக்கிறது. அதே சமயம், இந்த வெண்மை ஆசையை வைத்துக்கொண்டு மாங்கா பாத்திரங்கள் எல்லாம் ஐரோப்பியர் என்று சொல்லவும் முடியாது. நம் ஊரில் ‘பொண்ணு நல்ல சிவப்பு’ என்று சொல்பவர்கள் மணப்பெண்ணை ஐரோப்பியராக நினைத்துச் சொல்வதில்லையே. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி வைத்திருக்கும் நாமும் அந்த ஆசையிலிருந்து தப்பவில்லை.

இனி நடிகர் தேர்வு. கட்டுரை பெரிதாகப் பேசிய ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்தையே எடுத்துக்கொள்கிறேன். மசாமுனே ஷிரோவின் மாங்கா 1989இல் தொடங்கியது. மமோரு ஒஷியின் அனிமே படம் 1995இல் வந்தது. 2017 ஹாலிவுட் படத்தில் மேஜர் எனப்படும் நாயகியின் வேடம் ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்குப் போனது. மேஜரின் உடலே செயற்கை உடல்தானே, அதற்கு ஏது இனம் என்று ஒஷியே ஆதரித்துப் பேசினார். கட்டுரையாளர் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். ஆனால் படம் போகும் போக்கைப் பாருங்கள். மீரா கிலியன் என்ற பெயரில் வரும் நாயகியின் மூளை, உண்மையில் மோட்டோகோ குசனாகி என்ற ஜப்பானியப் பெண்ணுடையது என்று பின்பாதியில் தெரிகிறது. அவளுடைய அம்மாவாகக் காவோரி மொமோய் வருகிறார், சின்ன வீட்டில் மகளுக்குத் தேநீர் தருகிறார். ஜப்பானியப் பெண்ணைக் கடத்தி, அவள் மூளையை எடுத்து, மேலான உடல் என்று ஒரு நிறுவனம் வடிவமைத்த வெள்ளைக்காரப் பெண்ணின் உடலில் வைத்துவிடுகிறது. உடல் செயற்கை என்றால், அந்த அச்சை யார் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் வெள்ளை உடல் என்று கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? படம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அழகின் அளவுகோல் பற்றிய கேள்வி கதைக்குள்ளேயே விழுந்து கிடக்க, அதைத் தாண்டிக் குதித்துப் போகிறது. என் பார்வையில் அந்தப் படத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

நட்சத்திரம் இல்லாமல் பணம் திரளாது என்ற வாதமும் அங்கே பலிக்கவில்லை. சுமார் 11 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க ஏறத்தாழ 17 கோடி வசூலித்தது. அதில் ஏறக்குறையப் பாதி திரையரங்குகளுக்கே போய்விடும். விளம்பரச் செலவு தனி.

ஜப்பானில் பலர் இதைக் கண்டுகொள்ளவில்லையே என்பதும் உண்மைதான். அங்கே எந்தப் படத்தைத் திறந்தாலும் ஜப்பானியர்தான் நாயகர், அவர்களுக்கு இழப்பு இல்லை. கோபப்பட்டவர்கள் அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளியினர். தங்களுக்குக் கிடைக்கும் விரல்விட்டு எண்ணும் வேடங்களில் ஒன்று கைநழுவியதைப் பார்த்தவர்கள் அவர்கள். டோக்கியோவின் அலட்சியத்தைக் காட்டி லாஸ் ஏஞ்சலிஸ் நடிகையின் வாயை அடைப்பது சரியல்ல.

கதையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதையே நான் எதிர்க்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். ‘ஓல்ட் பாய்’ ஜப்பானிய மாங்கா. பார்க் சான்-வூக் 2003இல் அதை முழுக்கக் கொரியக் கதையாக்கினார், கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கினார். யோகோ கமியோவின் ‘ஹனா யோரி தாங்கோ’ 2001இல் தைவானில் ‘மீட்டியோர் கார்டன்’ ஆனது, 2009இல் கொரியாவில் ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ ஆனது. பள்ளி, பணக்காரக் குடும்பம், மாமியார் மிடுக்கு எல்லாமே அந்தந்த ஊருக்கு ஏற்ப மாறின. ஒட்டாமல் போவது பாதி பெயர்த்த கதை. நெட்ஃபிளிக்ஸின் 2017 ‘டெத் நோட்’ சியாட்டலுக்குப் போய் நாயகனை லைட் டர்னர் ஆக்கியது. மூலத்தில் அவன் நாட்டிலேயே முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவன், காவல்துறை அதிகாரியின் மகன். நுழைவுத் தேர்வு ஓட்டத்தில் ஜெயித்து ஜெயித்துச் சலித்தவன் என்பதால்தான், பெயரை எழுதினால் ஆளைக் கொல்லும் அந்த நோட்டைக் கையில் எடுக்கிறான். கொலையாளியாக அவனுக்கு வழங்கும் ‘கிரா’ என்ற பெயர், ‘கில்லர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. தேர்வு அழுத்தம் போனது, சலிப்பு போனது, பெயர் மட்டும் மிஞ்சியது. சியாட்டல் பையன் ஏன் அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறான் என்பதற்குப் படத்தில் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜப்பானியர் ஐரோப்பியராக நடிப்பதில்லையா என்று கட்டுரை கேட்டதும் நல்ல கேள்வி. நடிக்கிறார்கள். 2012இல் வந்த ‘தெர்மே ரோமே’ படத்தில் ரோமானியக் கட்டடக் கலைஞர் லூசியஸாக ஹிரோஷி அபே நடித்தார். ஆழமான கண்குழி, உயர்ந்த மூக்கு கொண்டவர்களை ஜப்பானில் ‘அடர்ந்த முகம்’ என்பார்கள், தட்டையான மென்முகத்தைச் ‘சோயா சாஸ் முகம்’ என்பார்கள். ரோமானிய முக்கிய வேடங்களுக்கு அடர்ந்த முகக்காரர்களாகத் தேடிப் போட்டதே படத்தின் சுவை. நகைச்சுவைக்கு அது பொருந்தியது. 2017 ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ படத்துக்குப் பொருந்தவில்லை. அந்தக் கதையின் இதயமே இஷ்வால் இனப்படுகொலை. பழுப்புத் தோல், சிவந்த கண் கொண்ட மக்களை வெளுத்த தோல்காரர்களின் ராணுவம் அழித்த கதை. எல்லா வேடத்திலும் ஜப்பானியர் என்றால் அந்த வேறுபாடு ஒப்பனையில் மட்டும் தொங்குகிறது. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ 2015 படத்திலும் இதே நிலைதான். மூலத்தில் நாயகி மிகாசா, தான் வாழும் மதில்களுக்குள் அருகிப்போன ஆசிய இனத்தின் கடைசி வாரிசு. சுற்றியிருக்கும் எல்லோரும் ஆசியர் என்றான பிறகு அந்தத் தனிமைக்கு ஏது இடம்?

இனம் பொருந்தினால் மட்டும் போதும் என்றும் இல்லை. ரியோகோ இகேதாவின் ‘வெர்சாய் ரோஜா’ பிரெஞ்சுப் புரட்சிக் கதை. ஷிசெய்டோ அழகுசாதன நிறுவனத்தின் ஆதரவோடு, ழாக் தெமி 1979இல் வெர்சாய் அரண்மனையிலேயே ஐரோப்பிய நடிகர்களை வைத்துப் படமாக்கினார். ஆணாக வளர்க்கப்பட்ட ஆஸ்கருக்கு வேண்டிய மிடுக்கு நாயகியிடம் இல்லை என்ற குறை எழுந்தது. தகரசுகாவில் 1974 முதல் மஞ்சள் விக் அணிந்த ஜப்பானியப் பெண்கள் அதே ஆஸ்கரை மேடையேற்றி வருகிறார்கள், பார்வையாளர்கள் உருகுகிறார்கள்.

வரைந்த முகத்தை நிஜ முகமாக்கும் வேலை பற்றியும் இரண்டு வார்த்தை. நீல விக்கை ஒரே நீலத்தில் செய்தால் விளக்கொளியில் பிளாஸ்டிக் போலிருக்கும். மூன்று நான்கு சாயல் கலந்து, வேரை இருட்டாக விட வேண்டும். கருவிழி நிஜத்தில் சுமார் 12 மில்லிமீட்டர். வண்ண லென்ஸின் வளையம் அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலே கண் மாங்காக் கண் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் பொம்மைக் கண், நடிகரின் பார்வை செத்துவிடும். 2019 ‘அலிட்டா’ படத்தில் கணினியால் பெரிதாக்கிய கண்ணைப் பார்த்து முதல் முன்னோட்டத்தில் பலர் முகம் சுளித்தார்கள். படக்குழு கண்ணைச் சுருக்கவில்லை. கருவிழியைப் பெரிதாக்கி, சுற்றியுள்ள வெள்ளையைக் குறைத்தது, கண் உயிர்பெற்றது. ரோசா சலாசரின் முகபாவம் ஒன்றும் வீணாகவில்லை.

சரியாக வந்த தேர்வுக்கு, நடிகர்களை வைத்து எடுத்த ‘ஒன் பீஸ்’ தொடரைச் சொல்வேன். வாசகர் கேள்விக்குப் பதிலாக மாங்காவின் 56ஆம் தொகுதியில் அதை வரையும் எய்ச்சிரோ ஒடாவே எழுதியிருக்கிறார்: நிஜ உலகமென்றால் லூஃபி பிரேசில்காரன், ஸோரோ ஜப்பானியன், நாமி ஸ்வீடன், உசோப் ஆப்பிரிக்கா, சாஞ்சி பிரான்ஸ். 2023 தொடரில் மெக்சிகோவின் இன்யாகி கோதோய் லூஃபி ஆனார், மக்கென்யூ ஸோரோ ஆனார், கறுப்பின நடிகர் ஜேக்கப் ரொமேரோ உசோப் ஆனார். உசோப்பின் நீள மூக்கை ஒட்டவைக்காமல் விட்டது நல்ல முடிவு. தாளில் சிரிக்க வைக்கும் மூக்கு திரையில் ரப்பராகத் தெரியும். இரண்டாம் பருவத்தில் இளவரசி விவியாகத் தமிழ்நாட்டு வேர்கள் கொண்ட பிரிட்டிஷ் நடிகை சரித்ரா சந்திரனும், அவள் தந்தை கோப்ராவாக செந்தில் ராமமூர்த்தியும் வருகிறார்கள். விவி வெளுத்தவள், இவர் மாநிறமாயிற்றே என்ற முணுமுணுப்பு எழுந்தது. மேலே சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். விவியின் நாடு அலபாஸ்டா, பாலைவனம். குலப்பெயர் நெஃபர்தாரி, அது ஓர் எகிப்திய அரசியின் பெயர். முடி நீலம், அது எந்த இனத்துக்கும் சொந்தமில்லை. தோல் மட்டும் தாளின் வெள்ளை. பெயரும் ஊரும் சொல்வதை விட்டுவிட்டு, ஓவியர் மை போடாமல் விட்ட இடத்தையா நாம் இனம் என்று படிப்பது?

ஜப்பானிய அனிமே இப்போது தமிழ்க் குரலிலேயே வருகிறது; ‘டீமன் ஸ்லேயர்’ படம் 2025 செப்டம்பரில் தமிழிலும் திரையரங்குகளில் ஓடியது. இந்தப் பாத்திரங்களை விரும்பும் பிள்ளைகள் உங்கள் இதழையும் படிக்கிறார்கள். ஆகவே இணைப்பிதழ் ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை நடிகர் தேர்வு பற்றி எழுதும்போது பாத்திரத்தின் பெயர், கதை நடக்கும் ஊர், கதைக்குள் பிறர் அவரைப் பார்க்கும் விதம் ஆகிய மூன்றையும் மூலப் புத்தகத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். கட்டுரையில் ஒரு பட விளக்கம் மோட்டோகோ குசனாகியை ‘வெள்ளைக்கார நாயகி’ என்கிறது. அதற்கு ஒரு வரி திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
சித்திரக்கதை ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்,
சென்னை.